எள்ளலும் ஏத்தலும்

மக்கள் வெறுக்க வேண்டும் என்று எண்ணி ஒருவர் ஒரு கொடியவனைப் படைக்கிறார். மக்களுள் ஒரு சாரார் அக்கொடியவனையே தம் தலைவனாக ஏற்றுப் போற்றத் தொடங்குகின்றனர். இவ்வாறு நேருமாயின் தவறியவர் யார்? படைத்தவரா, பார்த்தவரா? இலக்கியத் திறனாய்வில் இது பழைய வினாவே. ஆயினும் 'தி பாய்ஸ்' என்னும் அமெரிக்கத் தொலைத்தொடரைப் பற்றி 2019ஆம் ஆண்டு முதல் எழுந்துவரும் கருத்து வேற்றுமைகள் அப்பழைய வினாவை நம் வீட்டுக் கூடத்திற்கே கொண்டுவந்து நிறுத்தியுள்ளன.

கம்பனையும் இளங்கோவையும் பாரதியையும் பேசுவதற்குரிய மலரில் இத்தகைய பொருளுக்கு இடமுண்டோ என்று ஐயுறும் அன்பர்கள் இருக்கலாம். அவர்களுக்கு நாம் கூறுவது இதுவே: லேக் மார்க்கெட்டை ஒட்டிய தெருக்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், கல்லூரிக்குச் செல்லும் மகனும் மகளும் இரவில் எதைப் பார்த்து விவாதிக்கின்றனரோ, அதுவே அவர்கள் தலைமுறையின் காப்பியம். அதை நாம் படித்துப் பாராமல் 'வெறும் அடிதடி' என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அது திறனாய்வாகாது.

வியத்தகு ஆற்றல் பெற்ற வீரனை நாமும் அறியாதவர் அல்லேம். சிவகாசியிலிருந்து 1972இல் புறப்பட்ட முத்து காமிக்ஸ் இதழ்களை ஹௌரா மெயிலில் ஏறுமுன் வாங்கி, விஜயவாடா வருமுன் படித்து முடித்துவிட்டு, மறுபடியும் முதற்பக்கத்திலிருந்து தொடங்கியவர்கள் நம்மிடையே பலர். அதில் வந்த இரும்புக்கை மாயாவியை நாம் நல்லவனாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அவன் பிறந்த ஆங்கிலச் சித்திரக்கதையின் தொடக்கப் பகுதியிலோ, மறைந்து நிற்கும் ஆற்றல் கைவந்தவுடன் அவன் குற்றம் புரியவே முனைகிறான்! திருந்திய மாயாவியை நாம் ஏற்றுக்கொண்டோம். திருந்தாத மாயாவியை மறந்துவிட்டோம். பின்னர் 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் வந்த 'சக்திமான்' ஒவ்வொரு கதையின் முடிவிலும் குழந்தைகளுக்கு நல்லொழுக்கம் கூறினான். ஆற்றலும் அறமும் ஒருவனிடத்தே சேர்ந்திருக்கும் என்பதில் அக்காலத்துப் பார்வையாளருக்கு ஐயமே எழவில்லை.

'தி பாய்ஸ்' அந்த நம்பிக்கையைத்தான் அடியோடு கேள்விக்குள்ளாக்குகிறது. கார்த் என்னிஸ் எழுத, டேரிக் ராபர்ட்சன் வரைந்து, 2006 முதல் 2012 வரை வெளிவந்த சித்திரக்கதையே இதன் மூலம். எரிக் கிரிப்கி அதனைத் தொலைத்தொடராக்கினார். கதையின் கரு இதுதான்: வானில் பறப்பவரும், கண்ணால் எரிப்பவரும், காற்றினும் கடிது ஓடுபவரும் தெய்வ அருளால் தோன்றியவர் அல்லர், வாட் என்னும் பெருநிறுவனம் பச்சிளங் குழந்தைகளின் உடலில் ஒரு மருந்தைச் செலுத்தி உருவாக்கியவர்கள். அந்நிறுவனம் அவர்களைக் கொண்டு திரைப்படம் எடுக்கிறது, விளம்பரம் செய்கிறது, அரசிடம் ஒப்பந்தம் கேட்கிறது. அவர்களுக்குத் தலைவன் ஹோம்லேண்டர். கொடி நிறத்தில் போர்வை, பொன்னிற முடி, எப்போதும் ஒரு புன்னகை. அப்புன்னகைக்குப் பின்னே, அன்னையின் மடி அறியாது ஆய்வுக்கூடத்தில் வளர்ந்து, அன்புக்காக ஏங்கி, அதனை அச்சத்தால் பெறலாம் என்று கற்றுக்கொண்ட ஒருவன் இருக்கிறான்.

முதற்பருவத்தின் நான்காம் பகுதியில் ஒரு காட்சி. பகைவர் கைப்பற்றிய விமானம் ஒன்றினுள் ஹோம்லேண்டரும் மேவ் என்னும் வீராங்கனையும் நுழைகின்றனர். அவனுடைய கண்ணொளி தவறிப் பாய்ந்து விமானத்தின் இயக்கக் கருவிகளை அழித்துவிடுகிறது. இனி அனைவரையும் காக்க இயலாது. சிலரையேனும் காக்கலாமே என்று மேவ் மன்றாடுகிறாள். தப்பியவர் உண்மையைச் சொல்லிவிடுவர் என்பதால் அவன் ஒருவரையும் காவாது அகல்கிறான். பின்னர்க் கடற்கரையில் செய்தியாளர் முன்னின்று, தம்மை முன்னரே அழைத்திருந்தால் இத்துயரம் நேர்ந்திராது என்று உருக்கமாக உரையாற்றுகிறான். நகைப்பும் நடுக்கமும் ஒருங்கே பிறக்கும் இடம் அது. இத்தொடரின் முழுத்திறமும் அவ்வொரு காட்சியில் அடங்கியுள்ளது என்போம்.

இனிப் பார்வையாளர் கூற்றுக்கு வருவோம். குருதியும் அருவருப்பும் மிகுதி என்போர் ஒரு சாரார். அவர்கள் கூறுவது முற்றிலும் உண்மை. பதினெட்டு அகவைக்கு மேற்பட்டோர்க்கே உரியது என்று குறித்தே இது வெளியிடப்படுகிறது. சிறுவர் இருக்கும் கூடத்தில் இதனை ஓடவிடுதல் தகாது. சில பகுதிகளில் அருவருப்பு கருத்துக்குத் துணையாகாமல், அருவருப்புக்காகவே நிற்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. இரண்டாம் பருவம் 2020 செப்டம்பரில் வந்தபோது வேறொரு முறையீடு எழுந்தது. முதற்பருவத்தைப் போல் எல்லாப் பகுதிகளையும் ஒருநாளில் தராமல், முதலில் மூன்றும் பின்னர் வாரத்திற்கு ஒன்றுமாக வெளியிட்டனர் என்பதற்காகவே பலர் சினந்து மிகக் குறைந்த மதிப்பெண் இட்டனர். 'பொன்னியின் செல்வ'னுக்காக 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் காத்திருந்தோர் வீட்டுப் பிள்ளைகள் நாம். இச்சினம் நமக்கு விளங்காததில் வியப்பில்லை. இதனைத் திறனாய்வில் சேர்க்க வேண்டியதில்லை.

கருத வேண்டியது வேறொன்று. ஹோம்லேண்டரை மனமார வியந்து போற்றும் பார்வையாளர் உலகெங்கும் தோன்றினர். 'அவன் பொய் சொல்வதில்லை', 'கோழைகளிடையே அவன் ஒருவனே வலியவன்', 'அவனை இப்படி ஆக்கியவர்கள் அல்லவா குற்றவாளிகள்' என்பன அவர்கள் கூறும் காரணங்கள். (பொய்யே சொல்லாதவனாம்! விமானக் காட்சியை எப்படித்தான் பார்த்தனரோ.) இக்கூற்றுகளை நம் நகரத்துத் தமிழ் இளைஞர் வாயிலாகவும் நாம் கேட்டதுண்டு. அவனை எள்ளி நகையாடவே தொடர் எடுக்கப்பட்டது என்று எடுத்துச் சொன்னால், 'அது எடுத்தவர் எண்ணம். எங்களுக்கு அவனைப் பிடித்திருக்கிறது' என்கின்றனர்.

எள்ளலின் இடர்ப்பாடே இதுதான். நகைச்சுவைக்குரிய நிலைக்களன்களை வகுத்த தொல்காப்பியர் எள்ளலை முதலாவதாக வைத்தார். பிற்கால அணியிலக்கணமும் புகழ்வதுபோல் பழித்தலைத் தனியே வகுத்து ஆராய்ந்தது. அதற்கு நாம் காட்டும் சிறந்த சான்று ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற புறப்பாடல். அவனுடைய படைக்கலங்கள் அழகு செய்யப்பெற்று, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் பொலிகின்றன என்றும், தம் தலைவன் அதியமானின் வேல்களோ சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும் அவர் கூறுகிறார். போர் அறியாத படைக்கலம் எது, போரில் தேய்ந்த படைக்கலம் எது என்பதைத் தொண்டைமான் உணர்ந்தான் என்று கொண்டுதான் நாம் அப்பாடலைச் சுவைக்கிறோம். அவன் உணராமல், 'நம் படைக்கலங்களை இவ்வம்மையார் எவ்வளவு அழகாகப் புகழ்ந்தார்' என்று மகிழ்ந்து பரிசில் நல்கியிருந்தால்? பாடல் அப்படியே இருந்திருக்கும், தூது தோற்றிருக்கும். ஹோம்லேண்டரைப் போற்றுவோர் அத்தகைய தொண்டைமான்கள் என்று கூறிவிட்டு நாம் கட்டுரையை முடித்துக்கொள்ளலாம். ஆனால் அது அவர்களுக்கு நீதி செய்ததாகாது.

ஏனெனில் கொடியவன் எனப்பட்டவனைத் தலைவனாகக் காண்பது எப்போதும் அறியாமையின்பாற் பட்டதன்று. நாம் வாழும் இந்நகரத்தின் பெருங்கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர் 1861இல் இயற்றிய 'மேகநாதவத காவியம்' இராவணன் மைந்தனையே வீரனாக்கியது. தமிழ்நாட்டில் புலவர் குழந்தை 1946இல் 'இராவண காவியம்' படைத்தார். 1948இல் அதற்குத் தடை விதிக்கப்பட்டு, 1971இல் நீக்கப்பட்டது. அவ்விருவருக்கும் முன்பே கம்பன் தன் இராவணனுக்கு வீரமும் இசையும் பெருமிதமும் நல்கியிருந்தான். ஆனால் ஒன்றை உற்று நோக்க வேண்டும். இராவணனைப் போற்றியவர்கள் அவனிடம் ஒரு பெருமையைக் கண்டனர். அதை நிறுவப் பாடல் பாடினர். ஹோம்லேண்டரிடம் அத்தகைய பெருமை யாது? கலை இல்லை, நட்பு இல்லை, தன் மண்ணைக் காக்கும் எண்ணமும் இல்லை. ஆற்றலைக் கழித்துவிட்டால் எஞ்சுவது கைதட்டலுக்கு ஏங்கும் ஒரு முகமே. அவனைப் போற்றுவோர் போற்றுவது தண்டனைக்கு அஞ்ச வேண்டாத நிலையைத்தான் என்று கருத வேண்டியுள்ளது.

தமிழ்த் திரைப்படம் இதனை நமக்கு முன்னரே காட்டியிருக்கிறது. நம்பியார் திரையில் தோன்றிய காலத்தில் கொடியவனைப் பற்றி எவருக்கும் இருமனம் இல்லை. ஆனால் 1976இல் பாலசந்தரின் 'மூன்று முடிச்சு' வந்தது. நண்பன் நீரில் விழுந்து தத்தளிக்க, காப்பாற்றக்கூடிய நிலையிலிருந்த ஒருவன் வாளாவிருந்து அவனைச் சாகவிடுகிறான். விமானத்தை விட்டகன்ற ஹோம்லேண்டருக்கும் இவனுக்கும் குற்ற வகையில் வேற்றுமை சிறிது. அப்பாத்திரத்தில் நடித்த இளைஞரின் நடையையும், சிகரெட்டைச் சுழற்றி வாயில் பொருத்தும் விரைவையும் கண்டு கொட்டகை ஆரவாரித்தது. அந்த ரஜினிகாந்த் பின்னர் யாராக உயர்ந்தார் என்பதை நாம் கூற வேண்டுவதில்லை. பாத்திரத்தின் செயலை வெறுத்துக்கொண்டே அதன் மிடுக்கை விரும்பும் கலை நமக்குப் பழக்கமானதே. ஆகவே நியூயார்க்கிலும் லண்டனிலும் உள்ள பார்வையாளரைக் கண்டு நகைக்கும் தகுதி நமக்கு உண்டோ என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

இங்கேதான் படைத்தவரின் பங்கை எடை போட வேண்டியிருக்கிறது. ஹோம்லேண்டராக நடிக்கும் ஆன்டனி ஸ்டார் மிகத் தேர்ந்த நடிகர். புன்னகை மாறாமல் கண்ணில் மட்டும் வெறுப்பு ஏறுவதை அவர் காட்டும் திறம் வியப்புக்குரியது. படப்பெட்டியும் அவர் முகத்தை விட்டு அகல மனமின்றி நிற்கிறது. சுவையான வசனங்களுட் பல அவனுக்கே. அவனை எதிர்க்கும் பில்லி புட்சரோ அவனைப் போலவே வெறுப்பினால் இயங்குபவன். நல்லவர்களாகிய ஹ்யூயியும் ஸ்டார்லைட்டும் வெளிறிய வண்ணத்திலேயே தீட்டப்பட்டுள்ளனர். அவனைப் பழிக்க வேண்டும் என்று வாய் சொல்கிறது. அவனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கண் சொல்கிறது. பார்வையாளர் கண்ணை நம்பினால் அவர்மேல் மட்டும் குற்றம் சாட்டுவது முறையன்று.

சத்யஜித் ராய் இதே நகரத்தில் இதே இடரை வேறு வகையில் கடந்தார் என்பதை நம் இளைஞர் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. 1969இல் வந்த 'கூபி காயின் பாகா பாயின்' படத்தில் பேய்களின் அரசன் இருவருக்கு மூன்று வரங்கள் அளிக்கிறான். கைதட்டினால் உணவும் உடையும் வரும். மந்திரக் காலணியணிந்தால் நினைத்த இடம் செல்லலாம். பாடினால் கேட்போர் அசைவற்று நிற்பர். அம்மூன்றனுள் ஒன்றேனும் கொல்லும் ஆற்றல் உண்டா? அவ்வியத்தகு வீரர் இருவரும் 1980இல் 'ஹீரக் ராஜார் தேஷே' படத்தில் கொடுங்கோல் மன்னன் ஒருவன் நாட்டுக்குச் செல்கின்றனர். வைரச் சுரங்கத்தில் உழைப்பவர் பட்டினி கிடக்கின்றனர்; பள்ளி மூடப்படுகிறது; மாறாக எண்ணுவோரின் மூளையைக் கழுவ ஓர் எந்திர அறை இருக்கிறது. விழாவுக்காக ஏழைகளை ஊரைவிட்டு அகற்றும் காட்சி நெருக்கடிநிலைக் காலத்தில் தில்லி முதலிய நகரங்களில் நிகழ்ந்ததன் நேரடி எதிரொலி என்று ராயே பின்னாளில் ஒரு பேட்டியில் கூறியுள்ளார்.

அம்மன்னனாக நடித்த உத்பல் தத்தரும் பெருநடிகரே. கண்ணை விட்டு அகலாத மன்னன்தான் அவரும். ஆயினும் அவனைப் போல் ஆக வேண்டும் என்று எந்தக் குழந்தையும் விழைந்ததில்லை. காரணம் என்ன? ராய் ஓர் எளிய உத்தி செய்தார். அப்படத்தில் மன்னனும் அமைச்சரும் குடிகளும் எதுகை கூட்டியே பேசுகின்றனர். பள்ளியாசிரியர் உதயன் ஒருவர் மட்டும் எதுகையின்றி இயல்பாகப் பேசுகிறார். கட்டுப்பட்ட நாட்டில் கட்டுப்படாத நாவு அவருடையது என்பதை எவரும் விளக்கிக் கூறவில்லை. மன்னனின் ஆடம்பரப் பேச்சு குழந்தைப் பாட்டின் சந்தத்தில் வந்தவுடன் அவனுடைய அச்சுறுத்தும் மிடுக்கு கரைந்துவிடுகிறது. அவனை நடித்துக் காட்டலாம், வணங்க முடியாது. மேற்கு வங்க அரசின் பணத்தில் எடுக்கப்பட்ட அப்படத்தையே, அதன்பின் இம்மாநிலத்தை ஆண்ட ஒவ்வொரு தரப்பையும் எதிர்த்தவர்கள் எடுத்துக்காட்டி வந்துள்ளனர்.

ராயின் படம் சிறுவர் கதை; அதன் முடிவில் மன்னனே தன் எந்திரத்தில் மூளை கழுவப்பெற்றுத் தன் சிலையைத் தானே இழுத்துத் தள்ளுகிறான். வாழ்வில் அவ்வளவு எளிதாக முடிவதில்லை என்று கிரிப்கியின் பக்கம் நின்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஹோம்லேண்டரின் ஆற்றலுக்கு வாட் நிறுவனமே மருந்து வைத்திருக்கவில்லை. (பெருநிறுவனத்தைச் சாடும் இத்தொடரை உலகின் மிகப் பெரிய வணிக நிறுவனங்களுள் ஒன்றாகிய அமேசானே எடுத்து வெளியிடுகிறது என்பதையும் ஓரமாகக் குறித்து வைப்போம்.) தமிழில் 2023இல் மடோன் அஷ்வின் இயக்கிய 'மாவீரன்' நடுவழியைத் தேடியது: அச்சம் மிக்க ஒரு சித்திரக்காரன், தான் வரைந்த வீரனின் கதையைச் சொல்லும் குரல் காதில் விழ, வேண்டா வெறுப்பாக வீரனாகிறான். ஆற்றல் அவனுடையதன்று என்பதால் எள்ளல் அவன்மேலேயே திரும்புகிறது. அப்படத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

நான்காம் பருவம் 2024 ஜூனில் வந்தபோது 'நுட்பம் போய்விட்டது. அரசியலைப் பச்சையாகப் பேசுகிறார்கள்' என்ற முறையீடு பரவலாயிற்று. இத்தொடருக்குப் பல குணங்கள் உண்டு, நுட்பம் அவற்றுள் ஒன்றன்று என்ற பொருள்பட கிரிப்கியே பேசியிருக்கிறார். இம்முறையீட்டில் இருவேறு குரல்கள் கலந்திருப்பதைப் பிரித்தறிய வேண்டும். இதுகாறும் ஹோம்லேண்டரைப் போற்றி வந்து, நகையாடப்படுபவர் தாமே என்று காலம் தாழ்த்தி உணர்ந்தவரின் சினம் ஒன்று. அது தொண்டைமான் வீடு திரும்பியபின் பாடலின் பொருள் விளங்கிக் கொதிப்பதைப் போன்றது. அதனால் பாடலுக்கு இழுக்கில்லை. மற்றொன்று எள்ளலைத் தொடக்கம் முதல் உணர்ந்து சுவைத்தவரின் ஏமாற்றம். அது நியாயமானது. உணராதவருக்காக ஆசிரியர் ஒவ்வொரு மூலையிலும் அறிவிப்புப் பலகை நாட்டினால், உணர்ந்தவர்க்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. அப்பருவத்தின் இறுதிப் பகுதி வெளிவருவதற்குச் சில நாள் முன்பு, 2024 ஜூலை 13 அன்று, டொனால்ட் டிரம்ப்பைக் கொல்ல முயற்சி நடந்தது. அரசியற்கொலையைக் குறித்த அப்பகுதியின் தலைப்பை மாற்றி எச்சரிக்கையும் சேர்த்து வெளியிட்டனர். நடப்பு கதையை எட்டிப் பிடித்துவிட்டால் எள்ளுவோனுக்கு நிற்க இடமில்லாமல் போகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம்மனோர்க்கு இத்தொடரில் இரண்டு காட்சிகள் பிறவற்றினும் முக்கியமானவை. இரண்டாம் பருவத்தின் ஏழாம் பகுதி ஓர் இளைஞனைக் காட்டித் தொடங்குகிறது. பெயர் சொல்லத்தக்க கொடுமை எதுவும் அவனிடம் இல்லை. தனிமையில் இருக்கிறான், தாயுடன் உண்கிறான், கடைக்குச் சென்று வருகிறான். நாள்தோறும் ஹோம்லேண்டரும், நாஜிக் கொள்கையைப் புதுமொழியில் பரப்பும் ஸ்டார்ம்பிரண்ட் என்பவளும் திரையில் பேசுவதைக் கேட்கிறான். பகைவர் நம்மிடையே மறைந்திருக்கின்றனர் என்கின்றனர் அவர்கள். ஒவ்வொரு நாளும் தனக்குப் பொருள் தந்து பேசும் கடைக்காரரை அவன் சற்றே மாறுபட்ட பார்வையுடன் நோக்குகிறான். ஒருநாள் சுட்டுவிடுகிறான். சில நிமிடங்களில் முடியும் அக்காட்சியில் குருதிப் பெருக்கோ பறக்கும் வீரனோ இல்லை. வேற்றூரில் கடையோ உணவு விடுதியோ நடத்தி, அண்டை வீட்டார் முறுவலை நம்பி வாழும் எவரும் அதனை எளிதில் மறக்க இயலாது. ஹோம்லேண்டரைப் போற்றும் நம் இளைஞர், அக்கடைக்காரரின் இடத்தில் தம் தந்தையை வைத்து ஒருமுறை அதனைப் பார்த்தல் வேண்டும் என்பது நம் விருப்பம்.

மற்றொரு காட்சி 2022 ஜூலையில் வந்த மூன்றாம் பருவத்தின் இறுதியில் உள்ளது. ஹோம்லேண்டர் தன் சிறு மகன் ரையனைக் கூட்டத்தின் முன் நிறுத்துகிறான். எதிர்ப்பாளன் ஒருவன் எறிந்த தகரக்குவளை சிறுவன்மேல் படுகிறது. ஹோம்லேண்டர் அவனைக் கண்ணொளியால் அனைவரும் காணக் கொல்கிறான். தான் அணிந்திருந்த முகமூடி கழன்றுவிட்டது என்று அவனே அஞ்சுகிறான். கூட்டம் உறைந்து நிற்கிறது. பின்னர் ஒருவன் ஆர்ப்பரிக்கிறான். கூட்டம் முழுவதும் சேர்ந்துகொள்கிறது. இதைக் கண்ட சிறுவனின் முகத்தில் மெல்ல ஒரு முறுவல் அரும்புகிறது. அறிவிப்புப் பலகை எதுவும் அங்கில்லை. அக்காட்சியை எடுத்தவர்கள் அடுத்த பருவத்தில் அவ்வளவு உரத்துப் பேச வேண்டிய தேவை என்ன என்பதுதான் நமக்கு இன்னும் விளங்கவில்லை.